வாரச்சந்தையா, பொதுச்சந்தையா, பட்டாவா? வன்னியில் வார இறுதிச் சாமான் வாங்கும் கணக்கு

சனி விடிந்தால் வன்னியில் சாமான் வாங்க வழி பல. ஊர் வெளியில் மரநிழல் பார்த்துப் படங்கு விரித்து நடக்கும் வாரச்சந்தை ஒன்று. கிளிநொச்சி, வவுனியா போன்ற நகரங்களின் பொதுச்சந்தை இன்னொன்று. ஏ-9 வீதியோரக் கொட்டில்கள், ஒலிபெருக்கியோடு வாசலுக்கு வரும் பட்டா என்கிற சின்ன லொறி, குளிரூட்டிய சுப்பர்மார்க்கட் என்று மிச்சம். கடற்கரை மீன்வாடிக்கும் குளக்கரைக்கும் நேரே போகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

எல்லாச் சாமானுக்கும் மலிவான இடம் என்று ஒன்று கிடையாது. ஒரே வாரச்சந்தையில் கத்தரிக்காய் நகரத்தைவிட மலிவாகவும் கரட் நகரத்தைவிட விலையாகவும் கிடக்கும். கத்தரிக்காய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்தது. கரட் மலைநாட்டில் பிடுங்கி, தம்புள்ளையில் இறங்கி, அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வவுனியாவுக்கு வந்து, பொதுச்சந்தையில் கைமாறி, அதற்குப் பிறகுதான் வாரச்சந்தைப் படங்குக்கு வந்தது. இந்தக் கடைசிக் கைமாறலின் லாபத்தையும் வாடலையும் வாங்குகிறவரே சுமக்கிறார்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புமுன் வாங்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், பூசணி, புடலங்காய், பாவற்காய், கெக்கரி, முருங்கை, மரவள்ளி, கீரை, பச்சை மிளகாய், தேங்காய், பப்பாசி, வத்தகப்பழம், அரிசி, உழுந்து, கச்சான், குளத்து மீன், ஊர்க்கோழி, தயிர் ஆகியன வன்னியில் விளைவன. இவற்றுக்கு வாரச்சந்தை. கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், போஞ்சி, உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், பருப்பு ஆகியன லொறியில் வருவன. இவற்றைப் பொதுச்சந்தையிலேயே முடித்துவிட வேண்டும், அதுவும் லொறி இறங்கிய காலையிலேயே. சின்ன வெங்காயமும் வாழைப்பழமும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. பெரும்பாலும் யாழ் குடாநாட்டிலிருந்து ஆனையிறவு தாண்டி வருவதால் பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்தில் வாங்குவதும் வவுனியாவில் வாங்குவதும் ஒரே விலையாக இராது.

இரண்டாவது பட்டியல் நீளமாகவும் முதலாவது குட்டையாகவும் இருந்தால் அந்தக் கிழமை வாரச்சந்தைக்குப் போக வேண்டாம். மழைக்காலத்தில் இப்படித்தான் அமையும். ஐப்பசி முதல் மார்கழி வரை வன்னித் தோட்டங்கள் வெள்ளத்தில் நிற்கும். வாரச்சந்தையிலும் லொறிச் சாமானே கூடுதல். நிலம் வேறு சேறு. மழை விட்டு, தை பிறந்து, பங்குனி சித்திரை வரைக்கும் நிலைமை தலைகீழ். தக்காளியும் பூசணியும் ஒரேயடியாக வந்து குவியும், காலபோக நெல் வெட்டி முடிந்து புது அரிசி வரும், உழுந்தும் கச்சானும் சாக்குகளில் வந்து இறங்கும். ஆண்டில் வாரச்சந்தைக்குத் தவறாமல் போக வேண்டிய மாதங்கள் என்றால் இவைதான்.

போகிற செலவு

ஒன்பது கிலோ மரக்கறி வாங்குகிறீர்கள், சராசரியாகக் கிலோவுக்கு 50 ரூபா குறைவு என்று வைப்போம். மிச்சம் 450 ரூபா. சந்தை 15 கிலோமீற்றர் தூரம் என்றால் போய்வர 30. மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடி, பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றால் செலவு 200 ரூபா. கையில் நிற்பது 250. அதே தூரத்துக்கு ஓட்டோ பிடித்துக் கிலோமீற்றருக்கு 100 ரூபா கொடுத்தால் 3,000 ரூபா. கத்தரிக்காயைச் சும்மா தந்தாலும் அது கட்டாது.

ஓட்டோவில்தான் போக முடியும் என்கிற வீடுகள் மூன்று நான்கு சேர்ந்து, அரிசி, தேங்காய், பூசணி, உழுந்து போன்ற பாரமான, நாள்பட நிற்கும் சாமானை மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதே கணக்குக்குச் சரி. காம்போடு இருக்கும் முழுப் பூசணி காற்றோட்டமான இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கெடாது. வெட்டிய கீற்று இரண்டு நாள் தாண்டாது. அதைச் சந்தையில் வாங்குவது வீண்.

விளைவித்தவரா, யாவாரியா?

வாரச்சந்தையின் லாபம் முழுவதும் இந்தக் கேள்வியில் தங்கியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வகை மரக்கறியை ஒரே அளவாகத் தெரிந்து அடுக்கியிருப்பவர் யாவாரி. இரண்டு மூன்று வகை மட்டும், சிறிதும் பெரிதுமாக, உரப்பையிலிருந்து கொட்டியபடி, காம்பில் மண்ணோடு வைத்திருப்பவர் பெரும்பாலும் தோட்டக்காரர். "அக்கா, இது உங்கட தோட்டமோ? எப்ப பிடுங்கினது?" என்று கேட்டால் தோட்டக்காரருக்கு மறுமொழி உடனே வரும்: "நேற்றுப் பின்னேரம் பிடுங்கினது, பிள்ளை." யாவாரி பொதுவாக "இண்டைக்கு வந்தது" என்பார். பிடுங்கினது வேறு, வந்தது வேறு.

தோட்டக்காரரிடம் வாங்குவதில் இரண்டு பக்கமும் லாபம் இருக்கிறது. வடக்கின் மொத்தச் சந்தைகளில் விவசாயியின் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று எடுத்துவிடுவது நெடுநாளாய்ப் புகையும் பிணக்கு. வாரச்சந்தையில் நேரே விற்கும்போது அந்தக் கழிவும் தரகும் இல்லை. பொதுச்சந்தைச் சில்லறை விலையைவிடக் குறைத்து உங்களுக்குத் தந்தாலும், மொத்தமாகக் கொடுத்தால் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே அவர் கையில் சேரும். இவரிடம் பத்து ரூபாவுக்காகப் பேரம் பேசி நிற்பது அழகில்லை. இரண்டு கிலோ எடுத்தால் அவரே ஒரு பிடி மிளகாய் போட்டுத் தருவார்.

பேரம் பேச வேண்டிய இடங்கள் வேறு: கூறு கட்டிய மீன், உயிர்க்கோழி, உடுப்பு, பாய், பழக் குவியல், சந்தை கலையும் நேரத்துத் தக்காளி. மரக்கறியில் நூற்றுக்கு ஐந்து பத்து இறங்குவதே பெரிது. உடுப்பில் கேட்ட விலையின் மூன்றில் இரண்டிலிருந்து தொடங்கலாம்.

எடுக்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம். கத்தரிக்காயில் காம்புத் தொப்பியின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஊசித்துளை தெரிந்தால் உள்ளே புழு, வெளியே எவ்வளவு மினுங்கினாலும். வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தால் விற்பவர் ஏசுவார், அதில் நியாயமும் உண்டு; நுனியை மெல்ல வளைத்தாலே முற்றல் தெரிந்துவிடும். பயிற்றங்காயில் விதை புடைத்து, தோல் தொளதொளத்திருந்தால் சுண்டலுக்கும் ஆகாது. முருங்கைக்காயை இரு கையாலும் முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். பச்சை மிளகாயில் காம்பு உதிர்ந்ததை ஒதுக்குங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். கீரைக்கு ஓயாமல் தண்ணீர் தெளிப்பார்கள்; கட்டைப் பிரித்து நடுவில் சூடு தட்டுகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

மரவள்ளியில்தான் ஏமாறுவோர் கூட. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கறுப்பு வரி ஓடிவிடும், தோலில் ஒன்றும் தெரியாது. ஒரு கிழங்கை முறித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பால் வெள்ளையாக, படாரென்று முறிந்தால் எடுக்கலாம். கழுத்துத் தண்டோடு இருப்பது ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். வாங்கிய அன்றே அவித்துவிடுவது நல்லது.

காலை ஆறரையா, கலையும் நேரமா?

நல்லது வேண்டுமானால் ஆறரை மணிக்கு நில்லுங்கள். மலிவு வேண்டுமானால் சந்தை கலைவதற்கு முந்திய ஒரு மணித்தியாலம். நடுவில் ஒன்பது முதல் பதினொன்றரை வரை சனமும் விலையும் உச்சத்தில் நிற்கும், வெயிலும் அப்படியே. திரும்ப ஏற்றிப் போக வண்டி இல்லாத தோட்டக்காரர் கடைசி நேரத்தில் பாதி விலைக்கும் தள்ளுவார். அப்போது எடுக்கத் தக்கது பூசணி, தேங்காய், கெக்கரி போன்ற தோல் தடித்தவை. கீரையும் மீனும் அந்த நேரத்தில் எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம். பழுத்த தக்காளி கிலோக்கணக்கில் கிடைத்தால் அன்றே அவித்துக் கூழாக்க ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஆறரைக்குப் போய்ச்சேர ஐந்துக்கே கிளம்பும் ஆட்களுக்கு ஒன்று. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுப்பாதைகளில் விடியும் முன்னும் இருட்டிய பின்னும் யானை நிற்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிலம் வெளித்த பிறகு போவதால் இழப்பது அரை மணித்தியாலம்தான்.

கிழமைக் கணக்கும் விலையை ஆட்டும். வெள்ளியில் சைவ வீடுகள் பல மச்சம் சேர்ப்பதில்லை. அன்று மரக்கறி ஏறும், மீன் இறங்கும். கந்தசஷ்டி, நவராத்திரி நாட்களிலும் அப்படியே. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் கிழமை முல்லைத்தீவுப் பக்கம் மரக்கறிக்கும் தேங்காய்க்கும் விலை பேசவே முடியாது. தேவையானதை முந்தின கிழமையே வாங்கிவிட வேண்டும். போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு. வார இறுதியில் போயா விழுந்தால் முதல் நாளே கோழியின் விலை கூடும்.

மீன்: சனியா, ஞாயிறா, நேரே கரைக்கா?

மீனில் வாரச்சந்தைக்கும் மற்ற வழிகளுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. கடல் மீனையும் குளத்து மீனையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவு, அளம்பில், செம்மலைக் கரைகளில் இரவுத் தொழிலுக்குப் போன படகுகள் விடியலோடு கரை சேரும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். ஆகவே ஏழு எட்டு மணிக்கு முன் ஏ-9 பக்கத்துச் சந்தையில் கிடக்கும் 'இன்றைய மீனை' நம்ப வேண்டாம். அது முதல் நாளையது. பொதுச்சந்தை மீன் பகுதியில் ஒன்பது மணிக்கு வந்திறங்கும் பெட்டியைக் காத்திருந்து எடுப்பது மேல்.

ஞாயிறு இன்னும் சிக்கல். கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் பலவற்றில் ஞாயிறு தொழில் இல்லை. சனி இரவு வலை இறங்காது. அதனால் ஞாயிறு காலை படங்கில் கிடக்கும் பாரை மீனும் விளைமீனும் ஒரு நாள் ஐஸில் கிடந்தவையாக இருக்கலாம், திங்கள் காலை மீன் இரண்டு நாள் பட்டதாகவும் இருக்கலாம். ஆனால் விலை உச்சம் ஞாயிறுதான், எல்லா வீட்டிலும் அன்றுதான் மீன்கறி. வீட்டில் உறைபெட்டி உள்ளவர்கள் வெள்ளி காலையில் வாங்கித் துப்புரவாக்கி வைத்து ஞாயிறு சமைப்பதைப்போல் லாபமான வழி இல்லை. உறைபெட்டி இல்லாதவர்கள் சனி காலை வாங்கி அன்றே சமைக்கலாம்.

செவுள் சிவப்பு, கண் பளபளப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். செவுளில் நிறம் பூசலாம். கண்ணையும் ஐஸ்தண்ணீர் கொஞ்சம் காப்பாற்றும். வயிற்றை விரலால் அமத்தி எடுங்கள். குழி நின்றால் பழசு. மணத்தைச் செவுளுக்குள் பாருங்கள், மேல்தோலில் அல்ல. இறாலில் தலைக்கும் உடலுக்கும் நடுவே கறுப்பு விழுந்து தலை தொங்கினால் வேண்டாம். நண்டைக் கையில் எடுத்துப் பாரம் பாருங்கள். அளவுக்குப் பாரமில்லாததும், காலை அமத்தினால் நெளிவதும் உள்ளே தண்ணீர்தான். நிலவுக் காலத்து நண்டில் சதை குறைவு என்பது கரையோர ஆட்களின் கணக்கு. வலைப்பாடு, இரணைமாதாநகர்ப் பக்கத்து நண்டில் பெரியது கொள்வனவு நிலையங்களுக்கே போய்விடும். சந்தைக்கு வருவது மிச்சம் என்பதையும் மனத்தில் வைத்து விலை கேளுங்கள்.

சூரை, கும்பிளா, சாளை வகைகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் கூடும். மணமோ நிறமோ மாறாமலே கூடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, வாய் சுணைக்கும். இந்த வகைகளைத் திறந்த படங்கில் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். ஐஸ் நிரம்பிய பெட்டியிலிருந்து மட்டும்.

கரைக்கு நேரே போவது ஒரு குடும்பத்துக்குக் கட்டாது. அங்கே ஏலம் பெட்டிக் கணக்கில் போகும். சில்லறையாய்க் கேட்டால் கிடைப்பது கலவைக் கூறு. நான்கு ஐந்து வீட்டுக்குச் சேர்த்துப் பதினைந்து இருபது கிலோ எடுப்பதானால் மட்டும் பயணம் பெறும். றெஜிபோம் பெட்டியில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ்: அடியில் ஒரு அடுக்கு, நடுவில், மேலே. கார்த்திகை மார்கழியில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும்போது கரைக்குப் போவது வெறுங்கையோடு திரும்பும் பயணமாகலாம். அந்த மாதங்களில் மன்னார், பூநகரிக் கரையிலிருந்து வரும் மீனைப் பொதுச்சந்தையில் பார்க்கலாம்.

குளத்து மீனில் வாரச்சந்தைக்கு நிகர் இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று குளம் சுற்றிய ஊர்களில் ஜப்பான் மீனும் (திலாப்பியா) விராலும் காலையில் சைக்கிள் பெட்டியில் உயிரோடு துடித்தபடி வரும். "அண்ணை, எந்தக் குளத்து மீன்?" என்று கேட்டு, பக்கத்துக் குளமென்றால் எடுக்கலாம். ஆடி ஆவணியில் குளம் வற்றும்போது மீன் மலியும், கூடவே சேற்று மணமும் ஏறும். வற்றிய தண்ணீரில் பெருகும் பாசியும் நுண்ணுயிரும் விடும் பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் படிவதே காரணம். தோலை உரித்து, வயிற்றுள் கறுத்த சவ்வைச் சுரண்டி, கெட்டிப் புளித்தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். துப்புரவாக்கினால் கிலோவுக்கு 600 கிராம் அளவே மிஞ்சும், விலையைப் பாரையோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

தராசு

கிலோவுக்கு 50 ரூபா மலிவு என்று வாங்கி, தராசு 100 கிராம் குறைத்தால் மலிவு எங்கே? பொதுச்சந்தையிலும் வாரச்சந்தையிலும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரையைத் தேடிக் கண் வலிக்காமல் சோதிக்க ஒரு வழி: திறக்காத ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தட்டில் வையுங்கள். தண்ணீர் ஒரு கிலோ, போத்தல் சில பத்துக் கிராம், 1.02 முதல் 1.05 வரை காட்ட வேண்டும். 1.10 காட்டினால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 50 கிராமாவது களவு. எப்படியும் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோவீர்கள்.

இலத்திரனியல் தராசில் வெறுந்தட்டில் சுழி நிற்கிறதா என்று பாருங்கள். தொங்கு தராசில் கொக்கியோடு இருக்கும் கூடையின் பாரம் கழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஈரச் சாக்கில் வைத்த சின்ன வெங்காயம், தண்ணீர் தெளித்த கீரை, ஐஸோடு அள்ளிப் போட்ட இறால் ஆகியவற்றில் தராசு சரியாக இருந்தாலும் நீங்கள் வாங்குவது தண்ணீர். வெங்காயத்தின் கழுத்தை நசுக்கிப் பாருங்கள், காய்ந்திருந்தால் சரசரக்கும்.

தானியத்தைச் சில இடங்களில் இன்னும் சுண்டு, கொத்துக் கணக்கில் அளப்பார்கள். நான்கு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து அரிசி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். கொத்து விலையைக் கடையின் கிலோ விலையோடு நேரே ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். குவித்து அளக்கிறாரா, தலை தட்டி அளக்கிறாரா என்பதிலும் ஒரு பிடி வித்தியாசம் வரும்.

அரிசி, உழுந்து, கச்சான், தேன்: வாரச்சந்தையா, ஏ-9 கொட்டிலா?

அரிசியை ஆலை வைத்திருப்பவரிடமோ வாரச்சந்தையில் சாக்கோடு வரும் கமக்காரரிடமோ மாசி முதல் சித்திரை வரைக்குள் எடுத்து வைக்கும் வீடுகள் வன்னியில் அதிகம். ஒரு மணியைப் பல்லில் கடியுங்கள்; 'டக்' என்று உடைந்தால் காய்ந்தது, மாவாக நசிந்தால் ஈரம், மாதம் தாங்காது. வெட்டிய உடன் குற்றிய புது அரிசி சோற்றில் குழையும், பொங்கலுக்கு நல்லது. ஒரு இரண்டு மாதம் பழகவிட்டால் சோறு உதிரியாய் வரும். உழுந்தில் வண்டு துளைத்த பருப்பைக் கண்ணால் தேடுவதைவிட ஒரு பிடியைத் தண்ணீரில் போடுவது சுலபம், மிதப்பது சொத்தை.

ஏ-9 கொட்டில்களின் பலம் அந்தந்தப் பருவத்துப் பழம்தான். வெள்ளரிப்பழமும் வத்தகப்பழமும் வெயில் காலத்தில் நிறையக் கிடைக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளில் பாலைப்பழம் வரும். அதைச் சுப்பர்மார்க்கட்டில் தேடுவது வீண். மஞ்சளாய்ப் பழுத்து, பிசுபிசுப்பு விடாத பழத்தை வாங்குங்கள், அன்றைக்கே தின்னுங்கள், மறுநாள் புளித்துவிடும். விலை பயணிகளுக்கான விலை, அது தெரிந்ததே. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கையோடு கச்சான் வாங்காமல் போகிறவர் குறைவு. அங்கே ஒரு பொட்டலம் வாங்குவது வழக்கத்துக்காக. வீட்டுக்கு ஐந்து கிலோ வேண்டுமானால் வாரச்சந்தையில் கோதோடு எடுத்து நீங்களே வறுங்கள். கோதில் கறுப்புப் புள்ளி, உள்ளே சுருங்கிய பருப்பு, பூஞ்சண மணம் மூன்றில் ஒன்றிருந்தாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முற்றாகப் போகாது.

தேனுக்கு எந்தச் சந்தையையும் கைகாட்ட முடியாது. நெருப்புக்குச்சி பற்றவைப்பது, தண்ணீரில் விடுவது, எறும்பு மொய்க்குமா என்று பார்ப்பது ஒன்றும் உதவாது. கெட்டியாய்க் காய்ச்சிய சீனிப்பாகும் இந்தச் சோதனைகளில் தேறிவிடும். தண்ணீர் கலந்ததை மட்டும் பாரத்தால் பிடிக்கலாம்: 750 மில்லிலீற்றர்ப் போத்தல் நிறையத் தேன், போத்தல் நீங்கலாக ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. பாகு கலந்ததைப் பிடிக்க வீட்டில் வழி இல்லை. தேன் எடுக்கும் குடும்பத்தைத் தெரிந்தவர் மூலம் வாங்குங்கள். அதே கொட்டில்களில் மறைத்துக் காட்டப்படும் மான், மரை வத்தலை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், அதோடு அது என்ன இறைச்சி என்பதும் உறுதியில்லை.

மிச்சச் சாமான்

உடுப்பு, செருப்பு, வாளி, சட்டி பானை ஆகியவற்றில் வாரச்சந்தை மலிவுதான், பொறுப்பு இல்லை. அடுத்த கிழமை அதே ஆள் அதே இடத்தில் இருப்பாரா தெரியாது. மறுசுழற்சிப் பிளாஸ்ரிக் வாளியை நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும், மணமும் இருக்கும். தண்ணீர் இறைக்கலாம், குடிதண்ணீர் வைக்க வேண்டாம். பட்டறையில் அடித்த மண்வெட்டி, கத்தி வருமானால் அவற்றை எடுக்கலாம், கடை இரும்பைவிட அலகு தாங்கும்.

பிஸ்கட், சவர்க்காரம், பால்மா போன்ற பொதி செய்த சாமான் மலிவாகக் கிடந்தால் முதலில் காலாவதித் திகதி. இவற்றுக்குச் சுப்பர்மார்க்கட்டே நல்லது. பற்றுச்சீட்டு வரும், அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் வாங்க மாட்டார்கள். எந்தக் கடையிலாவது அதற்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். சுப்பர்மார்க்கட்டில் உள்ளூர் மரக்கறி வாங்குவது மட்டும் எந்தக் கணக்குக்கும் ஒத்துவராது. பக்கத்து ஊரில் விளைந்த கத்தரிக்காய் அங்கே குளிரில் சுருங்கிப் போய்க் கூடிய விலைக்குக் கிடக்கும்.

வாசலுக்கு வரும் பட்டாவை இளக்காரமாய்ப் பார்க்க வேண்டியதில்லை. முதியவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்கும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், இரண்டு கிலோவுக்குமேல் தேவையில்லாத வீட்டுக்கும் கிலோவுக்கு இருபது முப்பது கூடக் கொடுத்தாலும் அதுதான் மலிவு. காலை முதல் சுற்றில் வாங்குங்கள். பின்னேரம் வரும் அதே பட்டாவில் கிடப்பது நாள் முழுக்க வெயிலில் சுற்றியது. பைகளாகக் கட்டி 'மூன்று பை இவ்வளவு' என்று விற்றால் ஒரு பையை அவிழ்த்துப் பார்க்கக் கேளுங்கள், நல்லது மேலேதான் இருக்கும்.

சாப்பிடவும் போகிறீர்கள் என்றால்

சாப்பாட்டில் வாரச்சந்தைக்கு ஈடு இல்லை. பொதுச்சந்தைச் சூழலில் கடைகள் உண்டு, ஆனால் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வாங்கித் தின்னும் வடை அங்கே கிடைப்பது அருமை. சூடாகப் பொரிவதை மட்டும் வாங்குங்கள், பொரித்துக் குவித்ததை வேண்டாம். எண்ணெய் கறுத்து, சட்டியின் மேல் நுரை அடங்காமல் நின்றால் அது பல நாள் எண்ணெய். தோசை, அப்பம் நல்லது; சம்பலும் சட்னியும்தான் கவனம், தேங்காய்ச் சம்பல் வெயிலில் நான்கு மணித்தியாலம் தாண்டினால் புளிக்கத் தொடங்கும். எட்டு மணிக்குச் சாப்பிட்ட அதே கடை பன்னிரண்டுக்கு அதே கடை இல்லை. குடிக்க இளநீர், கண்முன் வெட்டியதில் கலப்படத்துக்கு இடமில்லை. ஐஸ் போட்ட சர்பத்தில் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், மீன்பெட்டிக்கு வந்த கட்டியிலிருந்து உடைத்ததாகவும் இருக்கலாம்.

மண்சட்டித் தயிர் வாங்கினால் சட்டியைச் சரித்துப் பார்க்காமல் மேலே ஆடை வெடித்திருக்கிறதா, தண்ணீர் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் புளிப்பு ஏறிவிட்டது, மோருக்குத்தான் ஆகும்.

வாங்கும் வரிசையும் ஒரு வேலை. முதலில் ஒரு சுற்று வெறுங்கையோடு நடந்து விலை கேளுங்கள். பிறகு பூசணி, தேங்காய், மரவள்ளி அடியில். கத்தரி, வெண்டி நடுவில். தக்காளி, கீரை மேலே. தயிர்ச்சட்டியைக் கையில் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், மோட்டார் சைக்கிளின் கொக்கியில் தொங்கவிட்டால் வீட்டுக்கு வருவது மோர். மீனும் கோழியும் கடைசி. மீனை வெட்டுவித்தால் வெட்டுக் கட்டையைக் கழுவச் சொல்லி, தனிப் பையில் போட்டு, ஐஸ் கேளுங்கள். வாங்குகிற ஆளுக்கு ஒரு பிடி ஐஸ் பெரும்பாலும் சும்மா தருவார்கள்.